தண்டோராவில் நைனா சேர்த்த தண்டனை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். அதிலும் ஒரு வகுப்பை இரண்டு வருஷம் படித்தவள். எழுத உட்கார்ந்தால் முன்னால் நடந்தது பின்னாலும், பின்னால் நடந்தது முன்னாலும் வந்து நிற்கிறது. நாலு பேர் எதிரில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிற சுபாவம் எனக்கு. அதனால் இதை இத்தனை வயது வரை ஒருத்தரிடமும் சொல்லவில்லை. இப்போது மறதி வேறு வந்துவிட்டது. எல்லாம் போவதற்கு முன்னால் இந்த ஒன்றையாவது காகிதத்தில் இறக்கிவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. நேற்று எழுத ஆரம்பித்து மூன்று தரம் எழுந்து போனேன்.

எங்கள் ஊர் பூந்தமல்லிக்கு மேற்கே. திருமழிசையைத் தாண்டி ரோட்டை விட்டு உள்ளே இறங்க வேண்டும். பேரைச் சொல்லவில்லை. இதில் வருகிற பெரிய மனிதர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் அங்கே இருக்கிறார்கள், நல்லபடியாகவும் பழகுகிறார்கள். அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. அந்தப் பக்கம் ஊர், நடுவில் வயல், இந்தப் பக்கம் எங்கள் சேரி.

என் நைனா ஊருக்கு வெட்டியான். வெட்டியான் என்றால் சுடுகாட்டு வேலை மட்டும் என்று இந்தக் காலத்தில் நினைக்கிறார்கள். அப்போது அது சர்க்காரோடு ஒட்டின வேலை. ஏரித் தண்ணீரைத் திருப்பிவிடுவது, ஊரில் வரி வசூலிக்கிற கிராம முன்சீப்பு கொடுக்கிற கடுதாசியைத் தாலுக்கா ஆபீசான கச்சேரிக்கு நடந்தே கொண்டுபோவது, தப்பட்டை அடித்துத் தண்டோரா போடுவது, எல்லாம் அவர்தான். அதற்கு மானியமாகக் கொஞ்சம் நிலம் விட்டிருந்தார்கள். அந்த நிலத்தில் விளைந்ததைத்தான் நாங்கள் சாப்பிட்டோம். வேலை போனால் நிலமும் போய்விடும்.

தண்டோரா போடுவதற்கு ஒரு முறை உண்டு. முன்சீப்பு வீட்டுத் தொழுவத்துப் பக்கம் நைனா போய் நிற்பார். கணக்குப்பிள்ளை உள்ளேயிருந்து காகிதத்தை இரண்டு தரம் படிப்பார். இரண்டு தரம்தான். அதற்குள் மனப்பாடம் ஆகிவிட வேண்டும். பிறகு மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நாலு இடத்தில் போட வேண்டும்: கோயில் முனை, ஊர்ச் சாவடி, ஏரி மதகு, கடைசியில் எங்கள் சேரி. தீர்வை கட்டுகிற கெடு, அம்மை குத்துகிறவர் வருகிற நாள், ஏரி உள்வாயில் மாடு மேய்க்கக் கூடாது என்பது, எதுவாக இருந்தாலும் முடிவு ஒன்றேதான். “தவறினா தண்டிக்கப்படுவாங்கோ!” என்று சொல்லிவிட்டு மூன்று அடி அடிப்பார். சேரிப் பிள்ளைகள் நாங்கள் விளையாட்டில்கூட அதைச் சொல்வோம். “எனக்குப் பாதி மாங்கா குடுக்கணும், தவறினா தண்டிக்கப்படுவாங்கோ!” நைனா காதில் விழுந்தால் சிரித்துக்கொண்டே போவார்.

நைனாவுக்கு எழுத்து தெரியாது. அதுதான் என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினதற்குக் காரணம். “எவனோ படிக்கறத்தைக் கேட்டுகினு ஓடியார்றதுல மண்டை காயுது. நீ படிச்சுக்கினா எனக்கு ஊட்லயே சொல்லிடுவே இல்ல?” என்பார். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. “பொட்டப்புள்ள படிச்சு தாசில்தாரு வேலைக்கா போவப் போவுது?” என்பாள்.

ஜில்லா போர்டு நடத்தின சர்க்கார் பள்ளிக்கூடம் ஊர் எல்லையில், ஒரே ஒரு ஓட்டுக் கட்டடம். சேரியிலிருந்து நானும் இன்னும் இரண்டு பேரும் போனோம். போனோம் என்றுதான் சொல்ல வேண்டும், சேர்ந்தோம் என்று சொல்ல முடியாது. ஜன்னலுக்கு வெளியே உட்காருவோம். வாத்தியார் உள்ளே சொல்வதை வெளியிலிருந்து நாங்களும் சொல்வோம். எழுதினால் பலகையைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, சரி என்றோ தப்பு என்றோ தலையை ஆட்டுவார். மழை வந்தால் வீட்டுக்கு ஓடிவிடுவோம். அந்த வருஷம் மழை அதிகம்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் மத்தியானம் நைனா முன்சீப்பு வீட்டிலிருந்து வந்தார். வந்தவர் உட்காரவில்லை. வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே வாயில் எதையோ முணுமுணுத்தார். அம்மா கூழ் ஊற்றி வைத்தாள், தொடவில்லை.

“இன்னாய்யா, பேய் கீய் புட்ச்சிக்கிச்சா?”

“சும்மா கெட. மறந்துடும்.”

“இன்னா சேதி, அத்தச் சொல்லு.”

“சர்க்காரு பள்ளிக்கூடத்துல நம்ம பிள்ளைங்களும் உள்ள குந்திப் படிக்கலாமாம். பொதுக் கெணத்துல தண்ணி எடுக்கலாமாம். பொது ரோட்ல நடக்கலாமாம்.”

அம்மா அகப்பையைக் கையில் பிடித்தபடியே நின்றாள். “யாரு சொன்னது?”

“கெவுருமெண்டு.”

“கெவுருமெண்டு வந்து நம்ம புள்ள பக்கத்துல குந்துமா? கல்லு வுட்டா அது தடுக்குமா?”

நைனா தப்பட்டையை எடுத்து அடுப்புச் சூட்டில் காய வைத்தார். முன்சீப்பு என்ன சொன்னார் என்று அம்மா விடாமல் கேட்டாள். “அவரு இன்னா சொல்வாரு? வெத்தல மென்னுகினு, போடறத்தப் போட்டுட்டு வாடான்னாரு” என்றார் நைனா. அந்த உத்தரவு எங்கேயோ பட்டணத்தில் போட்டது, நம் ஊருக்கு அது எங்கே வரப்போகிறது என்று முன்சீப்பு நினைத்திருக்க வேண்டும். கணக்குப்பிள்ளை படித்தபோது அவர் காது கொடுத்துக்கூடக் கேட்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நைனா கிளம்பினதும் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னாலேயே போனேன். கோயில் முனையில் நான் பனைமரத்தடியில் நின்றுகொண்டேன். தப்பட்டைச் சத்தம் கேட்டதும் ஊர் ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். தீர்வை விஷயம் என்று நினைத்திருப்பார்கள்.

“சர்க்காரு உத்தரவு! சகல சனங்களுக்கும் தெரியப்படுத்தறது இன்னான்னா, சர்க்காரு பள்ளிக்கூடம், சர்க்காரு கெணறு, சர்க்காரு ரோடு எல்லா சாதிக்கும் பொது! ஆதிதிராவிடரு பிள்ளைங்களும் உள்ள குந்திப் படிக்கலாம்! யாரும் தடுக்கக் கூடாது!”

தண்ணீர்க் குடத்தோடு போன அம்மாள் ஒருத்தி அப்படியே நின்றுவிட்டாள். நைனாவின் முதுகு வியர்த்திருந்தது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. உடனே திரும்பி நடந்துவிடுவார் என்று பார்த்தேன். அவர் கை உயர்ந்தது. “தவறினா தண்டிக்கப்படுவாங்கோ!” என்று சொல்லி, எப்போதும் போல மூன்று அடி அடித்தார்.

“டேய், இன்னாடா சொன்ன? கடைசீல சொன்னியே, அத்த மறுபடி சொல்லு” என்றார் ஒரு பெரிய தலைக்கட்டு.

நைனா மறுபடி சொன்னார். நாலு இடத்திலும் அதையேதான் சொன்னார்.

அன்று சாயங்காலம் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் முன்சீப்பு வீட்டுக்குப் போய், தடுத்தால் தண்டனை என்பது நிஜமா என்று கேட்டிருக்கிறார்கள். முன்சீப்புக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொன்னால் மரியாதை என்ன ஆகும்? “பின்ன? கவர்மெண்டு இன்னா சும்மா வெளையாட்டுக்கா உத்தரவு போடுது?” என்று ஒரு அதட்டல் போட்டு அனுப்பிவிட்டார். கணக்குப்பிள்ளையோ அன்றைக்கே வேலையாகத் தாலுக்காவுக்குப் போய்விட்டார். திரும்பி வந்த பிறகு முன்சீப்பு சொன்னதை மறுத்துப் பேசுகிற ஆளும் அவர் இல்லை.

மறுவாரம் நான் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே உட்கார்ந்தேன்.

உள்ளே என்றால் வாசல்படிக்கு ஒட்டின மூலை. எங்கள் மூன்று பேருக்கும் அதுதான் இடம். ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேரை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பிறகு, நிறுத்தினாலும் தடுத்தது மாதிரி ஆகுமோ, அதற்கும் தண்டனை உண்டோ என்று பயந்து ஒவ்வொருவராகத் திரும்ப அனுப்பினார்கள். பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாகிவிட்டது. நான் உள்ளே வரும்போதெல்லாம் ஒருவன், “ஒதுங்குங்கடா, அவளத் தடுத்தா ஜெயிலு!” என்று கத்துவான். எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விடுவார்கள். எனக்கு உடம்பு கூசும். ஆனாலும் கால் உள்ளே போய்விடும்.

கிணற்றுப் பக்கம் எங்கள் ஆட்கள் ஒருத்தரும் போகவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். தண்டனை என்ற சொல் பள்ளிக்கூடம் வரைக்கும்தான் வந்தது.

அந்த உத்தரவுக் காகிதம் பள்ளிக்கூடத்துச் சுவரில், வாசலுக்கு உள்பக்கம் ஒட்டியிருந்தது. அச்சடித்தது. எங்கள் மூலைக்கு நேர் மேலே. ஊர்ப் பெரியவர்கள் உள்ளே வருவது அபூர்வம், பிள்ளைகளுக்கு அந்தச் சர்க்கார் தமிழில் அக்கறை இல்லை. எனக்கு மட்டும் கண் அதிலேயே போய் நிற்கும். வாத்தியார் மற்ற வகுப்பைப் பார்க்கும்போது ஒரு நாளைக்கு ஒரு சொல், இரண்டு சொல் என்று எழுத்துக் கூட்டுவேன். ‘மேற்படி’ என்ற சொல்லுக்கே இரண்டு நாள் ஆனது. நைனா சொன்னதெல்லாம் அதில் இருக்கிறதா என்று பார்க்க ஆசை. இருந்தது. பள்ளிக்கூடம் இருந்தது, கிணறு இருந்தது, ரோடு இருந்தது. நான் மூன்றாவதுக்கு வந்த பிறகு ஒரு நாள் கடைசி வரிக்கு வந்துவிட்டேன்.

கடைசி வரியில் யாரோ ஒரு அதிகாரியின் உத்தியோகப் பேர். அதற்கு மேலே ‘யாதொரு தடையும் செய்யலாகாது’ என்று முடிந்தது. தண்டனை இல்லை.

மேலேயிருந்து மறுபடி படித்தேன். மறுநாளும் படித்தேன். இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது. பள்ளிக்கூடத்து வாசலில் யார் நிழலாவது தட்டினால் எழுதுவதை விட்டுத் தலையைத் தூக்குவேன். ஊர்க்காரர் ஒருவர் வாத்தியாரிடம் பேச வந்தால், அவர் கண் காகிதத்துப் பக்கம் திரும்புகிறதா என்றே பார்த்துக்கொண்டிருப்பேன். வாத்தியாருக்குத் தெரியாமல் இருக்குமா? தினமும் அதைத் தாண்டித்தானே வருகிறார். ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. நல்ல மனசா, பயமா, பிள்ளைகள் எண்ணிக்கை கூடினால் போதும் என்பதா, இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

ஒரு சாயங்காலம் அடக்க முடியாமல் வீட்டில் சொல்லிவிட்டேன். “நைனா, அந்தக் காகிதத்துல தண்டனைன்னு எய்தியே இல்ல.”

நைனா கயிறு திரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது. “இல்லாம இன்னா? எல்லாத் தண்டோராவுக்கும் உண்டே.”

“இதுக்கு இல்ல நைனா. நான் படிச்சிட்டேன்.”

“கணக்குப்பிள்ள படிச்சாரு. நான் கேட்டேன்.” “கேட்டேனா?” என்று தன்னையே கேட்டுக்கொண்டார். “நானா சேர்த்துட்டேனா? தண்டனை இல்லாம ஒரு உத்தரவு நான் பார்த்ததே இல்லியே. அது இன்னா உத்தரவு?”

சர்க்கார் வாக்கில் இல்லாததைச் சர்க்கார் பேரால் சொன்னவனை என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததால் பயம் இன்னும் அதிகம். மானியம் போகும், அது நிச்சயம். எழுந்து துண்டை எடுத்தார். “முன்சீப்பு ஆண்டேகிட்டப் போயி சொல்லிட்றேன். தெரியாம வாயில வந்துட்ச்சின்னு கால்ல வுயுந்துட்றேன்.”

அம்மா வாசலை மறித்து நின்றாள். “நீ போயி சொன்னா நாளைக்கே இவளை வெளிய தள்ளுவானுங்க. இன்னியவரைக்கும் நான்தான் இந்தப் படிப்பு வேணாம்னேன். இப்ப சொல்றேன், அது உள்ள குந்திகினு கீது இல்ல? அது குந்தட்டும்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “இந்தா பார்மே. நீ ஒண்ணும் படிக்கல. யாருனா கேட்டா எனக்கு இன்னும் எய்த்து வரலேன்னு சொல்லு. தெரிஞ்சுதா?”

நைனா உட்கார்ந்தார். கயிற்றைத் திரும்பக் கையில் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு தண்டோரா போடும்போதெல்லாம் கடைசி வார்த்தைக்கு முன்னால் ஒரு தயக்கம் அவருக்கு வந்துவிட்டது. தீர்வைக் கெடுவாக இருந்தாலும் கணக்குப்பிள்ளையிடம், “சாமி, தண்டனை உண்டுங்களா?” என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வார். “இதென்னடா புது வழக்கம்?” என்று அவர் திட்டுவார்.

லேபர் டிபார்ட்மெண்டு என்று ஒன்று அப்போது இருந்தது. எங்கள் மாதிரி ஜனங்களுக்கு மனை, கிணறு, பள்ளிக்கூடம் என்று பார்ப்பதற்கு. அதிலிருந்து ஒரு ஆபீசர் வருகிறார், சேரிப் பிள்ளைகளைச் சேர்த்தார்களா என்று பார்க்கப் போகிறார் என்று தண்டோரா போடாமலேயே ஊருக்குச் சேதி வந்துவிட்டது. நன்றாகப் படிக்கிற பிள்ளையைப் பூந்தமல்லியில் பெரிய வகுப்புக்கு அனுப்பச் சர்க்கார் உதவி செய்யும் என்றும் சொன்னார்கள். வாத்தியார் அன்றைக்கு முதல் தடவையாக என் பலகையைக் கையில் வாங்கிப் பார்த்தார். “உன்னைத்தான் நிறுத்தப் போறேன். கூச்சப்படாம படி” என்றார்.

ஆபீசர் ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். நம் தேசத்து மனிதர்தான், கோட்டு போட்டவர், சாந்தமான முகம். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தார். வாசலில் முன்சீப்பு, கணக்குப்பிள்ளை, அவர்களுக்குப் பின்னால் ஊர்ப் பெரியவர்கள். அதற்கும் பின்னால், வேப்பமரத்தடியில் நைனா. மற்ற இரண்டு சேரிப் பிள்ளைகளும் இன்னும் ஒண்ணாவதிலேயே இருந்தார்கள். வாத்தியார் என்னை எழுப்பி, “இவள் மூன்றாவது. நன்றாக வாசிப்பாள்” என்றார்.

“அப்படியா? பயப்படாதே குழந்தை” என்றார் ஆபீசர். சுற்றும் முற்றும் பார்த்தார். “வேறு புத்தகம் எதற்கு? உங்களுக்காக வந்த உத்தரவு, உன் தலைக்கு மேலேயே இருக்கிறது. அதைச் சத்தமாகப் படி.”

அன்றைக்குக் கோயில் முனையில் கேட்ட அதே பெரிய தலைக்கட்டு வெளியே இருந்து, “ஆமாங்க, படிக்கட்டும். நாங்களும் முழுசாக் கேட்டதில்ல” என்றார்.

நான் திரும்பிக் காகிதத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் எனக்கு வழி தெரிந்த சந்து மாதிரி. படித்தால் கடைசி வரியில் நின்றுவிடும். நின்றுவிட்டால், தண்டனை எங்கே என்று அந்தத் தலைக்கட்டு கேட்பார். நைனா வேப்பமரத்தடியில் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தார்.

“தெரியாதுங்க” என்றேன்.

“எழுத்துக் கூட்டியாவது படியேன்.”

“எய்த்து வரலீங்க.”

வாத்தியார் என்னைப் பார்த்தார். பிறகு காகிதத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். ஆபீசர் என் பாடப் புத்தகத்தை எடுத்து முதல் பாடத்தைப் பிரித்துக் காட்டினார். அது எனக்குத் தூக்கத்தில்கூட வரும். ஆனால் காகிதம் தெரியாது என்று சொன்னவள் இதைப் படித்தால் சந்தேகம் வராதா? வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கூச்ச சுபாவம் அன்றைக்கு எனக்கு உதவிக்கு வந்தது. அழுகையும் வந்தது, அது நடிப்பு இல்லை.

வெளியே யாரோ, “உள்ள குந்த வெச்சா படிப்பு வந்துடுமாய்யா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முன்சீப்பும் சிரித்தார். நைனா சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார்.

ஆபீசர் பள்ளிக்கூடத்துப் பார்வையாளர் புத்தகத்தில் என்னவோ எழுதினார். வாத்தியாரிடம், “இந்தப் பெண்ணை இன்னும் ஒரு வருஷம் இதே வகுப்பில் வையுங்கள். இவர்கள் பிள்ளைகளோடு கொஞ்சம் அதிகம் சிரமப்பட வேண்டும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அந்த வருத்தம்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. எங்களுக்காக இவ்வளவு தூரம் வந்த மனிதர், எங்களுக்குப் படிப்பு ஏறாது என்று நினைத்துக்கொண்டு வண்டி ஏறினார்.

வீட்டில் அம்மா, “இன்னா ஆச்சு?” என்று ஓடி வந்தாள். நைனா தப்பட்டையை ஆணியில் மாட்டினார். “உம் பொண்ணுக்குப் படிக்க வரலியாம்” என்றார். சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். வெகு நேரம் உள்ளே வரவில்லை.

மூன்றாவதை இன்னொரு வருஷம் படித்தேன். ஐந்தாவது முடித்தேன். பூந்தமல்லிக்கு என்னை யாரும் அனுப்பவில்லை. எழுத்து வராத பெண்ணை எதற்கு அனுப்புவார்கள்? ஆனால் எங்கள் மூலையில் மூன்று பேர் இருந்தது ஏழு பேர் ஆனது. மூலை போதாமல் நடுவுக்கு நகர்ந்தார்கள். நைனா சாகிற வரை தண்டோரா போட்டார். யாரும் அந்தத் தண்டனையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

இத்தோடு விட்டிருப்பேன். ஆனால் சில வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்த ஒரு படித்த பெண் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். பொது இடத்தில் தடுத்தால் தண்டனை என்று சட்டமே வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்துவிட்டதாம். எந்த வருஷம் என்று அவளுக்கும் தெரியவில்லை. அது முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் ஊருக்கு வந்த உத்தரவு அதற்கு முந்தினதா, பிந்தினதா? அந்தக் காகிதத்துக்கு இன்னொரு தாள் இருந்து, அது சுவரில் ஒட்டாமல் முன்சீப்பு வீட்டிலேயே தங்கிவிட்டதா? கணக்குப்பிள்ளை அதையும் சேர்த்துப் படித்து, நைனா கேட்டதைத்தான் சொன்னாரா? மூன்றாவது படிக்கிற பெண் பார்த்தது, ஒரு வரியை விட்டிருக்கலாமே.

எழும்பூரில் அந்தக் காலத்துச் சர்க்கார் காகிதங்களையெல்லாம் வைத்திருக்கிறார்களாம். போகத் தெரிந்தவர்கள், படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது தயவுசெய்து தேடிப் பாருங்கள். பள்ளிக்கூடம், கிணறு, ரோடு மூன்றும் சேர்ந்து வருகிற உத்தரவு. அதிகாரியின் உத்தியோகப் பேரை நான் தப்பாக எழுதிவிடுவேனோ என்று எழுதவில்லை, அதையும் பாருங்கள். முக்கியமாகக் கடைசியில் தண்டனை என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் சொல்லுங்கள், இல்லாவிட்டாலும் சொல்லுங்கள்.